காணாமற் போன மகளும் கதை தேடிய உலகமும்

துயரத்தைச் சொல்லும் நூல்களைத் திறனாய்வது எளிதான பணியன்று. மகளைப் பறிகொடுத்த தாயொருத்தி எழுதிய நூலைக் கையில் வைத்துக் கொண்டு, இதன் அமைப்பு எத்தகையது, இதன் நிறை யாது, குறை யாது என்று கேட்பது சிலருக்கு ஈரமற்ற செயலாகவே தோன்றும். எனினும், அச்சேறிப் பொதுமக்கள் கைக்கு வந்துவிட்ட எழுத்து எதுவாயினும் அதனை நடுநிலையோடு படித்துப் பார்க்கும் கடமை திறனாய்வுக்கு உண்டு. அந்த ஒரு துயரத்தைச் சுற்றி நூல்களும், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும், திரைப்படங்களும் அடுக்கடுக்காகத் தோன்றி, இலட்சக்கணக்கானோர் அவற்றைக் கண்டு கலங்கியிருக்கும்போது அக்கடமை மேலும் மிகுகின்றது.

விடுமுறையைக் கழிக்க வெளிநாடு சென்ற இளம்பெண் ஒருத்தி வீடு திரும்பவில்லை என்ற செய்தி எந்த மனத்தையும் அசைக்கும். அக்கவலை இயல்பானது, மனிதத் தன்மையின் அடையாளம் என்றே கொள்ளலாம். ஆனால் அக்கவலை ஒரு கதையாக உருமாறும்போது என்ன நேர்கிறது? கதைக்குத் தலைவி வேண்டும், தீயவன் வேண்டும், முடிவும் வேண்டும். அவை கிடைக்கும் வரை கேட்போர் பொறுப்பதில்லை. அந்தப் பொறுமையின்மைக்கு யார் யார் விலை கொடுத்தனர் என்பதையே, அரூபாத் தீவில் 2005ஆம் ஆண்டு காணாமற் போன நாட்டலி ஹாலோவே பற்றிய எழுத்துகளையும் காட்சிகளையும் முன்வைத்து நாம் ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

நடந்தது யாது?

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் வசதி படைத்த குடும்பங்கள் வாழும் புறநகர் மௌன்டன் புரூக். அவ்வூர் உயர்நிலைப் பள்ளியில் 2005 மே மாதம் படிப்பை முடித்த மாணவ மாணவியர் நூற்றுக்கும் மேற்பட்டோர், சில பெரியவர்களின் துணையோடு, கரீபியக் கடலிலுள்ள அரூபாவுக்குச் சென்றனர். அரூபா நெதர்லாந்து முடியாட்சியின் ஓர் அங்கம். 1986 முதல் உள்நாட்டு விவகாரங்களில் தன்னாட்சி பெற்றது. பரப்பு ஏறத்தாழ 180 சதுர கிலோமீட்டர். அந்நாளில் மக்கள் தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். சுற்றுலாப் பயணிகள் வந்தால்தான் அங்கு அடுப்பெரியும் என்று சொல்லும்படியான தீவு.

நாட்டலிக்கு அப்போது 18 வயது. மருத்துவம் பயில வேண்டும் என்னும் எண்ணத்தோடு, கல்லூரிக்கான உதவித் தொகையும் பெற்றிருந்தார். மே 30ஆம் நாள் அதிகாலை, தலைநகரிலுள்ள ஒரு மதுக்கூடத்தை விட்டு மூன்று இளைஞருடன் காரில் புறப்பட்டதைத் தோழியர் கண்டனர். அன்று ஊர் திரும்ப வேண்டிய விமானத்துக்கு அவர் வந்து சேரவில்லை. கட்டி வைத்த பெட்டியும் கடவுச் சீட்டும் விடுதி அறையில் அப்படியே கிடந்தன. செய்தி கேட்ட தாயார் அன்றே தனி விமானத்தில் புறப்பட்டுத் தீவில் வந்திறங்கினார். இறங்கிய சில மணி நேரத்துக்குள், மகளோடு கடைசியாகக் காணப்பட்ட யோரான் வான் டெர் ஸ்லூட் என்னும் 17 வயது டச்சு மாணவனின் பெயரையும் முகவரியையும் போலீசாரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார்.

தாயின் நூல்

அத்தாயார் பெத் ஹாலோவே எழுதிய ‘லவிங் நாட்டலி’ 2007ஆம் ஆண்டு வெளிவந்தது. நம்பிக்கைக்கும் இறைப்பற்றுக்கும் ஒரு தாயின் சாட்சியம் என்பது அதன் துணைத் தலைப்பின் பொருள். அதற்கு முந்திய ஆண்டே தந்தையாரும் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். இரண்டினுள்ளும் பெருங்கவனம் பெற்றது தாயின் நூலே.

சாட்சியம் என்று அந்நூல் தன்னைத் தானே அழைத்துக் கொள்வதை நாம் மறத்தல் ஆகாது. சாட்சி சொல்பவர் தாம் கண்டதைச் சொல்வார். எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எவரும் அவரைக் கேட்பதில்லை. மகளைத் தேடும் தாய்க்கு உலகம் இரண்டாகத்தான் பிரிந்து தெரியும்: மகளை மீட்க உதவுவோர், உதவாதோர். அயல் நாட்டின் சட்டம் அவருக்குத் தடையாகத் தோன்றும். அதிகாரியின் நிதானம் அலட்சியமாகத் தோன்றும். இந்த ஒருதலைப் பார்வையை நாம் குறை சொல்லப் போவதில்லை. அது தாய்க்கு உள்ள உரிமை.

அந்நூலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அது அச்சான நாளில் மகள் கிடைத்திருக்கவில்லை. நடந்தது என்னவென்றும் உறுதிப்படவில்லை. ஆகவே முடிவில்லாத ஒன்றை முடிவில்லாமலேயே எழுதி நிறுத்த வேண்டிய நிலை. இறந்தார் என்று அழவும் இயலாமல், இருக்கிறார் என்று ஆறவும் இயலாமல் தவிக்கும் இழப்பை அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் தனி வகையாகவே பிரித்து ஆராய்ந்துள்ளார். அதற்குச் சடங்கு இல்லை. ஆறுதல் சொல்ல வருவோருக்கும் சொல் அகப்படுவதில்லை. 2012 சனவரியில் தந்தையாரின் மனுவை ஏற்று அலபாமா நீதிமன்றம் நாட்டலியைச் சட்டப்படி இறந்தவராக அறிவித்தபோது, தாயார் அதனை எதிர்த்தார். ஆறரை ஆண்டுகள் சென்ற பின்னும் ஒரு கையெழுத்தால் மகளை முடித்து வைக்க அவர் இசையவில்லை. அவர் நூலின் உயிர்நாடியும் அந்த இசையாமையே.

கடன் வாங்கிய குரல்

இங்கேதான் நம் வினா எழுகின்றது. தாய்க்கு உரிய ஒருதலைப் பார்வையைத் தொலைக்காட்சியும், ஆட்சியாளரும், பொதுமக்களும் கடன் வாங்கிக் கொள்ளலாமா? தாயின் வேதனை தம்மிடம் இல்லாத நிலையில், தாயின் கோபத்தை மட்டும் எடுத்துக் கொள்வது முறையாகுமா?

2005 கோடைக் காலம் முழுவதும் அமெரிக்கச் செய்தித் தொலைக்காட்சிகள் இரவுதோறும் அரூபாவையே காட்டின. புதிய செய்தி இல்லாத நாளிலும் நிகழ்ச்சி நிற்கவில்லை; செய்தியின் இடத்தை ஊகம் நிரப்பியது. தீவு மக்கள் கைகட்டி நிற்கவில்லை. அரசு ஊழியர் ஆயிரக்கணக்கானோருக்கு விடுப்புக் கொடுத்துத் தேடுதலில் ஈடுபடச் செய்தது அரூபா அரசாங்கம். வங்கிகள் பணம் திரட்டித் தந்தன. டச்சுக் கடற்படை வீரர்கள் கரையோரம் முழுவதும் தேடினர். நெதர்லாந்தின் போர் விமானங்கள் மூன்று வானிலிருந்து படமெடுத்தன. ஒரு குளத்தின் நீரையும் இறைத்துப் பார்த்தனர். இத்தனையும் கதையில் பெரிதாக இடம் பெறவில்லை. ஏனெனில் கதைக்குத் தேவைப்பட்டது உதவும் தீவன்று, மறைக்கும் தீவு. 2005 நவம்பரில் அலபாமா ஆளுநர் பாப் ரைலி, அரூபாவுக்கு எவரும் சுற்றுலா செல்ல வேண்டாம் என்று அழைப்பு விடுத்தார். ஓர் இளைஞன் மீதிருந்த ஐயத்துக்காக, விடுதிகளில் படுக்கை விரிப்போரும் வாடகைக் கார் ஓட்டுவோரும் தண்டம் செலுத்த வேண்டும் என்பதே அவ்வழைப்பின் பொருளாகும்.

அந்த ஆண்டு சூலைத் தொடக்கத்தில் நடந்த ஒன்றையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். காவலில் இருந்த சகோதரர் இருவரை நீதிமன்றம் விடுவித்தபோது, தாயார் மனம் வெதும்பி, குற்றம் செய்தவர்களை வெளியே விட்டுவிட்டனர் என்னும் பொருள்படப் பேசினார். குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை எவரும் நிரபராதியே, எங்கள் சட்டத்தை மதியுங்கள் என்று அட்டை ஏந்தி, தீவு மக்கள் ஏறத்தாழ இருநூறு பேர் நீதிமன்றத்தின் முன் கூடினர். சில நாட்களில் தாயார், தம் சொற்கள் விரக்தியால் பிறந்தவை என்று கூறி, அரூபா மக்களிடமும் அதிகாரிகளிடமும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். துயரத்தின் உச்சியில் நின்றவருக்கே தம் சொல்லைத் திரும்பிப் பார்க்கும் பண்பு இருந்தது. அவருடைய குரலைக் கடன் வாங்கியோர் கோபத்தைப் பெருக்கிக் காட்டிய அளவுக்கு இந்த மன்னிப்பைப் பெருக்கிக் காட்டவில்லை.

இரண்டு காவலாளிகள்

இக்கதையில் மிகச் சிறிய இடம் பெற்று மறைந்து போனவர்கள் இருவர். முன்பு விடுதிக் காவலாளிகளாகப் பணி செய்த கறுப்பின மனிதர்கள். விசாரணையின் தொடக்கத்தில் வான் டெர் ஸ்லூட்டும் அவன் தோழரும் ஒரு கதை சொன்னார்கள்: பெண்ணை விடுதி வாயிலில் இறக்கிவிட்டோம், காவலாளியைப் போல் கறுப்புச் சட்டை அணிந்த, கருத்த மனிதன் ஒருவன் அவளை நெருங்கி வந்தான். 2005 சூன் 5ஆம் நாள் அவ்விருவரும் கைது செய்யப்பட்டனர். சூன் 13ஆம் நாள் விடுவிக்கப்பட்டனர். அவர்களுக்கும் நடந்ததற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

எட்டு நாள் சிறைதானே என்று எண்ணுவோர் இருக்கலாம். ஒரு லட்சம் பேர் வாழும் தீவில், உலகமே உற்று நோக்கும் வழக்கில், கொலை செய்தவர் என்னும் ஐயத்தோடு எட்டு நாள் அடைபட்டுக் கிடப்பது எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அந்த எட்டு நாட்களைப் பற்றி ஒரு நூல் எழுந்ததில்லை; ஒரு படம் எடுக்கப்பட்டதில்லை.

பொய் சொன்னவன் ஒரு வகையில் தேர்ந்த கதாசிரியன். கேட்போர் எதை நம்பத் தயாராக இருக்கின்றனர் என்பதை அவன் அறிந்திருந்தான். இரவு, தனித்த பெண், கருத்த மனிதன் என்று மூன்று சொல் போதும். மிச்சத்தைக் கேட்போரே எழுதிக் கொள்வர். தீயவனுக்கான இடம் அக்கதையில் முன்பே காலியாக இருந்தது. அவ்விடத்தில் யாரை அமர்த்தலாம் என்பதை மட்டுமே அவன் சுட்டிக் காட்டினான். ஒரு சமூகத்தின் தப்பெண்ணம் கொலைகாரனுக்கு எத்துணை வசதியாக உதவுகின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது. இவ்வழக்கின் பேரால் எழுந்த படைப்புகளில் மையமாக அமைந்திருக்க வேண்டிய இடம் இது. அவையோ இதனை வழியில் கிடந்த கல்லைப் போல் தாண்டிச் சென்றன.

மறைகாமிராவும் திரைப்படமும்

முடிவு வேண்டும் என்னும் வேட்கை 2008இல் நிறைவேறியது போலத் தோன்றிற்று. பீட்டர் ஆர். டி வ்ரீஸ் என்னும் டச்சுப் பத்திரிகையாளர், அவ்விளைஞனுடன் நட்புக் கொண்ட ஒருவரின் காரில் காமிராக்களை மறைத்து வைத்து, அவன் பேச்சைப் பதிவு செய்தார். கடற்கரையில் பெண்ணுக்குத் திடீரென உடல் வெட்டி இழுத்தது என்றும், படகு வைத்திருந்த நண்பன் ஒருவன் உடலைக் கடலில் சேர்த்தான் என்றும் அவன் அதில் கூறினான். அவ்வாண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அந்நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது நெதர்லாந்தில் ஏறத்தாழ 70 இலட்சம் பேர் பார்த்தனர். பன்னாட்டு எம்மி விருதும் அதற்குக் கிடைத்தது. பின்னர் அவனே, நான் சொன்னது பொய் என்றான். வேறொரு தொலைக்காட்சிக்கு வேறொரு கதை சொன்னான், அதனையும் மறுத்தான்.

டி வ்ரீஸின் உழைப்பையும் துணிவையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மறைகாமிராவின் முன் ஒருவன் சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கும் என்று பார்ப்போர் கொண்ட நம்பிக்கை ஆய்வுக்குரியது. காமிரா மறைந்திருந்தது என்பது உண்மை. பேசியவன் பொய்யன் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையை முதலாவது விழுங்கிவிட்டது.

2009 ஏப்ரலில் அமெரிக்காவின் லைஃப்டைம் தொலைக்காட்சி, தாயின் நூலை அடிப்படையாகக் கொண்டு எடுத்த திரைப்படத்தை ஒளிபரப்பியது. ஏறத்தாழ 32 இலட்சம் பேர் பார்த்தனர். நடந்தது இன்னதென்று தெரியாத நிலையில், அவ்விளைஞன் உள்ளிட்டோர் வெவ்வேறு நேரங்களில் சொன்னவற்றையெல்லாம் அப்படம் காட்சிகளாக நடித்துக் காட்டியது. எதனையும் முடிந்த முடிபாகக் கூறவில்லை என்பது அதன் நேர்மை என்று சிலர் பாராட்டலாம். நமக்கோ அதுவே அதன் பெருங்குறையாகப் படுகின்றது. எழுத்தில் ‘அவன் சொன்னான்’ என்று ஒரு சொல் சேர்த்துப் பொய்யைப் பொய்யாகவே நிறுத்தி வைக்கலாம். திரையில் அது இயலாது. கண் முன் நடப்பதெல்லாம் நடந்ததாகவே மனத்தில் பதியும். மகளின் இறுதி நேரத்தைச் சொல்லும் உரிமை, அவளை அழித்தவன் என்று ஐயுறப்பட்டவனிடமே ஒப்படைக்கப்பட்டது.

யாருக்காகக் கவலை?

அமெரிக்கப் பத்திரிகையாளர் க்வென் ஐஃபில் 2004ஆம் ஆண்டு, இதழாளர் மாநாடொன்றில், காணாமற் போன வெள்ளைப் பெண்களுக்கென்றே ஊடகங்களைப் பிடித்தாட்டும் ஒரு நோய் உண்டு என்று கசப்போடு குறிப்பிட்டார். மறு ஆண்டே அச்சொல் மெய்யாயிற்று. அரூபாவைப் பற்றிய பேச்சு உச்சத்தில் இருந்த 2005 சூலையில், பிலடெல்பியா நகரில் கருவுற்றிருந்த 24 வயதுப் பெண்ணொருவர் காணாமற் போனார். அவர் வெள்ளையர் அல்லர். அந்நகரத்தார் அரூபாவைச் சுட்டிக் காட்டி, இவருக்கு ஏன் நேரமில்லை என்று கேட்ட பின்னரே நாடளாவிய தொலைக்காட்சிகள் சற்றுத் திரும்பிப் பார்த்தன. ஆகஸ்டில் அவர் உடல் கிடைத்தது.

இதனைச் சொல்வதால் நாட்டலிக்காக எழுந்த கவலை மிகை என்று நாம் கூறுவதாக எவரும் கொள்ளற்க. அத்தகைய ஒலி எழாதிருந்தால் அதிகாரிகள் அத்துணை விரைந்திருப்பரா என்று கேட்பதில் நியாயம் உண்டு. காணாமற் போன பிள்ளைகளின் பெற்றோர் எவரைக் கேட்டாலும், எங்களுக்கும் அந்த ஒலியில் ஒரு பங்கு கிடைத்திருக்கலாகாதா என்றே ஏங்குவர். ஒரு வீட்டுக்குக் குவித்த கவலையில் சிறிதேனும் அடுத்த வீட்டுக்குச் சென்றிருக்க வேண்டும் என்பதே நம் வாதம். கவலை கவலையாகவே இருந்தால் அது தானாகப் பரவும். கதையாகிவிட்டால், கதைக்குள் இல்லாதவரைத் தேடிச் செல்ல அதற்குக் காலில்லை.

கதைக்கு வெளியே நின்றவருள் எல்லாரினும் கொடிய விலை கொடுத்தவர் பெரு நாட்டின் லிமா நகரைச் சேர்ந்த 21 வயதுப் பெண். 2010ஆம் ஆண்டு, மகளின் உடல் இருக்குமிடத்தைக் காட்டுவதாகச் சொல்லி அத்தாயாரிடம் 2,50,000 டாலர் கேட்ட வான் டெர் ஸ்லூட், 25,000 டாலர் பெற்றுக் கொண்டு, பொய்யான இடத்தைக் காட்டிவிட்டுப் பெருவுக்குச் சென்றான். அங்கே மே 30ஆம் நாள், அதாவது நாட்டலி மறைந்து சரியாக ஐந்தாண்டு நிறைந்த அன்று, அப்பெண்ணைக் கொன்றான். 2012இல் அதற்காக 28 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றான். உண்மையைக் கண்டறிய உலகம் ஐந்தாண்டு ஆரவாரம் செய்தது. அந்த ஆரவாரத்தினூடே உண்மைக் குற்றவாளி கதை விற்று நடமாடினான்.

முடிவு வந்தபோது

2023 சூனில் வான் டெர் ஸ்லூட் அமெரிக்காவுக்குக் கொண்டு வரப்பட்டான். அக்டோபர் 18ஆம் நாள், அலபாமாவின் பர்மிங்காம் நகர நீதிமன்றத்தில், அத்தாயாரை ஏமாற்றிப் பணம் பறித்த குற்றங்களை ஒப்புக் கொண்டான். அதனை ஒட்டி, கடற்கரையில் தன் விருப்பத்துக்கு இணங்காமல் எதிர்த்த நாட்டலியைத் தானே அடித்துக் கொன்று, உடலைக் கடலில் தள்ளியதையும் வாக்குமூலமாகத் தந்திருந்தான். பணம் பறித்ததற்காக 20 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. அது பெருவில் அனுபவித்து வரும் தண்டனையோடு சேர்ந்தே கழியும். கொலைக்கென்று தனித் தண்டனை இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

இந்த வாக்குமூலத்தில் காவலாளி இல்லை. படகுக்கார நண்பனும் இல்லை. விருது பெற்ற காட்சியில் சொல்லப்பட்ட வலிப்பும் இல்லை. உலகம் பதினெட்டு ஆண்டுகள் புனைந்தவற்றையும் பொய்யன் அளந்தவற்றையும் ஒருங்கே தள்ளிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது இதுவே: வேண்டாம் என்று மறுத்தாள் ஒரு பெண், மறுத்ததற்காகக் கொல்லப்பட்டாள். தீவின் குற்றம் அன்று இது. அயல் நாட்டின் விந்தையும் அன்று. எந்த ஊரிலும், பயணம் போகாத பெண்களுக்கும் நேர்ந்து கொண்டிருக்கும் கொடுமை. அதனாலேயே, நெடுந்தொலைவில் நடந்த மர்மக் கதையாக அதனை வைத்துக் கொள்ளப் பலரும் விரும்பினர் போலும்.

இன்று அப்படைப்புகளை மீண்டும் எடுத்துப் பார்க்கையில், தாயின் நூல் மட்டும் நிலைத்து நிற்கின்றது. மற்றவை முடிவை முன்கூட்டியே சொல்ல முயன்று பொய்த்துப் போயின. அந்நூலோ தனக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டவில்லை. ஒரு தாய் தேடினாள் என்பதை மட்டுமே சொன்னது. அது 2007லும் உண்மை, 2023க்குப் பின்னும் உண்மை.

இனியும் எந்த நாட்டிலோ, எந்தக் கடற்கரையிலோ, விடுமுறைக்குச் சென்ற பிள்ளையொன்று திரும்பவில்லை என்ற செய்தி வரும். நூல்களும் படங்களும் தொடரும். அவற்றைக் கையிலெடுக்கும் வாசகர், கதைத் தலைவிக்காகக் கண்ணீர் விடுவதோடு நின்றுவிடாமல், இக்கதையில் ஐயத்தின் பேரில் பிடிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவர் யார், அவருக்கு எத்தனை பக்கம் தரப்பட்டுள்ளது என்று பக்கங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டுகின்றோம். அரூபாவின் அந்த இரண்டு காவலாளிகளுக்கு வாசகர் செய்யத்தக்க குறைந்த அளவு நீதி அதுவேயாகும்.